பேர் லிஸ்ட் கேட்டா கொடுக்காதீங்க மா

இந்த வாரம் எடுத்துக்கிட்ட கடிதம் ஒரு நர்சிங் காலேஜ் அசிஸ்டென்ட் புரொபசர் எழுதினது. ஊர், மாவட்டம், காலேஜ் எல்லாத்தையும் எடுத்துட்டேன், ஒண்ணு ரெண்டு விவரத்தை மாத்தியும் இருக்கேன். ஏன்னு கீழ படிக்கிறப்போ புரியும்.

அவங்களுக்கு 33 வயசு. அம்மா கிராம சுகாதார செவிலியரா 28 வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. துணை சுகாதார நிலையத்துக்குப் பின்னாடி இருந்த குவார்ட்டர்ஸ்லதான் இவங்க வளர்ந்தது, ராத்திரி ரெண்டு மணிக்கு "நர்சம்மா நர்சம்மா"ன்னு கதவைத் தட்டுற சத்தம் இன்னும் காதுல இருக்குன்னு எழுதியிருக்காங்க. இப்போ பிஎச்டி பண்ணுறாங்க. விஎச்என்னு சொல்ற கிராம சுகாதார செவிலியர் சிஸ்டர்களும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிபி மெஷினும் மாத்திரையும் தூக்கிட்டு வீடு வீடா போற பெண் தன்னார்வலர்களும் வேலையில என்னென்ன ஆபத்தைச் சந்திக்கிறாங்கன்னு நாற்பத்தி சொச்சம் பேர்கிட்ட உக்காந்து பேசி ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க. நாய்க்கடி, வண்டியில விழுறது, இடுப்பு வலி, வீட்டுக்குள்ள இருக்கிற ஆம்பளைங்க நடந்துக்கிற விதம், ரிவியூ மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் வாங்குற திட்டு எல்லாம் அதுல இருக்கு.

சிக்கல் மூணு இடத்துல வந்திருக்கு. மாவட்ட அளவுல ஒரு அதிகாரி போன் பண்ணி, "எந்தெந்த சிஸ்டர் என்ன கம்ப்ளெயின்ட் சொன்னாங்கன்னு லிஸ்ட் கொடுங்க, நாங்க சரி பண்ணுறோம், பர்மிஷன் கொடுத்ததே எங்க டிபார்ட்மென்ட்தானே"ன்னு கேட்டிருக்கார். பயந்து போய், எல்லா ஆடியோவையும் அழிச்சிடலாமான்னு யோசிக்கிறாங்க. அடுத்தது, ஒரு தன்னார்வலர் பிபி பாக்கப் போன வீட்டுல ஒருத்தன் தப்பா நடந்துக்கிட்டதை அழுதுக்கிட்டே சொல்லிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம்"னு கையைப் பிடிச்சிருக்காங்க. நடந்து ரெண்டு மாசம் ஆகுது, இவங்களுக்குத் தூக்கம் போச்சு. மூணாவது, பிரின்சிபால் "இது என்ன டாபிக், யூனியன் வேலை மாதிரி இருக்கு, ஸ்ட்ரக்சர்ட் டீச்சிங் புரோகிராம்னு ஒண்ணு எடுத்து ஆறு மாசத்துல முடிங்க"ன்னு சொல்லிட்டாங்க, வீட்டுலயும் அதே பேச்சு. ரிசைன் பண்ணிட்டு நேரடியா அந்த பெண்களோட சேர்ந்து வேலை செய்யலாமான்னு கேக்குறாங்க.

கடைசியில போற போக்குல இன்னொரு வரியும் எழுதியிருக்காங்க, அதுக்கு கடைசியில வரேன்.

அன்புள்ள மகளுக்கு,

உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். நான் சமூக மருத்துவம் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவ, உங்க அம்மா மாதிரி நர்சம்மாக்களோடதான் என் ஃபீல்டு வேலை பூரா ஓடுச்சு. அதனால முதல்ல என் தப்பு ஒண்ணைச் சொல்லிடறேன். தொண்ணூறுகள்ல நான் சின்ன லெக்சரரா இருந்தப்போ துணை சுகாதார நிலையங்களோட நிலைமை பத்தி ஒரு ரிப்போர்ட் எழுதினேன். பேர் எதுவும் போடல, ரொம்ப ஜாக்கிரதையா இருக்கிறதா நினைச்சுக்கிட்டேன். "மலை அடிவாரத்துல இருக்கிற ஒரு சென்டர்ல தண்ணியும் இல்ல கதவுக்கு தாழ்ப்பாளும் இல்ல, நர்ஸ் ராத்திரியில பெஞ்சை கதவுக்கு முட்டுக் கொடுத்து தூங்குறாங்க"ன்னு எழுதினேன். அந்த வட்டாரத்துல மலை அடிவாரத்துல இருந்தது ஒரே சென்டர்தான். மூணு வாரத்துல அந்தம்மா என் டிபார்ட்மென்ட் வாசல்ல வந்து நின்னாங்க, கையில நாலா மடிச்ச மெமோ, வெளியாளுக்கு ஏன் தகவல் கொடுத்தேன்னு விளக்கம் கேட்டு. அப்புறம் டிரான்ஸ்பர், பொண்ணு பத்தாவது படிக்கிற வருஷத்துல. அந்தம்மா என்னைத் திட்டல, "நீங்க நல்லதுக்குத்தான் எழுதினீங்க மேடம்"னு மட்டும் சொன்னாங்க. தாழ்ப்பாள் கடைசி வரைக்கும் வரல. இதை மனசுல வச்சுக்கிட்டுதான் கீழ உள்ளதை எழுதுறேன்.

அதிகாரி கேட்ட லிஸ்ட்

பர்மிஷன் கொடுத்ததால டேட்டா அவங்களுதுன்னு அவர் நினைக்கிறார், நீங்களும் பாதி நம்பிட்டீங்க. அப்படி இல்ல மா. டிபார்ட்மென்ட் கொடுத்தது உள்ள போய் பேசறதுக்கான அனுமதி. அந்த சிஸ்டர் வாயைத் திறந்தது நீங்க கையெழுத்து போட்டுக் கொடுத்த கன்சென்ட் பாரத்தை நம்பித்தான், அதுல அடையாளம் வெளிய போகாதுன்னு எழுதியிருக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2017-ல போட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதலை எடுத்துப் பாருங்க, மேலதிகாரிக்குக் கீழ வேலை பாக்கிறவங்களை தனி கவனத்தோட பாதுகாக்க வேண்டியவங்கன்னு அது சொல்லுது. அவர் ஒருவேளை உண்மையிலேயே நல்ல எண்ணத்துல கேட்டிருக்கலாம், நான் மறுக்கல. ஆனா லிஸ்ட் ஒரு தடவை கை மாறிட்டா அவரோட நல்ல எண்ணமும் அதுக்குக் காவல் இல்ல, அடுத்த மாசம் அந்த சீட்ல வேற ஒருத்தர் இருப்பார், மெமோ போறது 17(பி)-ல, அதாவது பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கையில, போய் முடியறதுக்கு எவ்வளவு நாள் ஆகும்னு உங்க அம்மாவைக் கேளுங்க.

போன்ல பதில் சொல்லாதீங்க. "எழுத்துல கேளுங்க சார், என் கைடு மூலமாவும் எத்திக்ஸ் கமிட்டி மெம்பர் செக்ரட்டரி மூலமாவும் பதில் தரேன்"னு மட்டும் சொல்லுங்க. பாதிப் பேர் எழுத்துல கேக்கவே மாட்டாங்க. கேட்டா இந்த அளவு போதும்: "பங்கேற்பாளர்களின் அடையாளத்தை வெளியிட மாட்டோம் என எழுத்துப்பூர்வமாக உறுதியளித்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுடன் இந்த ஆய்வு நடைபெறுகிறது. எனவே பெயர்ப் பட்டியல் வழங்க இயலாது. ஆய்வில் தெரியவந்த பொதுவான பணியிடப் பிரச்சினைகளையும் பரிந்துரைகளையும் நேரில் விளக்கத் தயாராக இருக்கிறேன்." கடைசி வரி முக்கியம். ஏன்னா அவர் கையிலதான் தாழ்ப்பாள் இருக்கு, அவரை எதிரி ஆக்கிட்டா நமக்கு ஒண்ணும் நடக்காது.

ஆடியோவை அழிக்கிறது, ஒளிக்கிறது

இதுல ரெண்டு தப்பான எண்ணம் உங்ககிட்ட இருக்கு. கன்சென்ட் பாரம் இருக்கிறதால கோர்ட்டே கேட்டாலும் கொடுக்க வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. இதை ஒரு வக்கீல்கிட்டயும் கேட்டுக்கிட்டுதான் எழுதறேன். கட்சிக்காரர் வக்கீல்கிட்ட சொன்னதுக்கு சட்டத்துல இருக்கிற பாதுகாப்பு ஆராய்ச்சி பண்ணுறவங்களுக்கு நம்ம நாட்டுல கிடையாது, கோர்ட் சம்மன் வந்தா வக்கீலோட போய் மறுப்பைச் சொல்லி வாதாடலாம், ஆனா முடிவு நீதிபதியோடது. அதே மாதிரி, சட்டப்படி யாராவது கேட்டு முடிச்சதுக்கப்புறம் அழிக்கிறது தனி குற்றம் ஆயிடும். இப்போதைக்கு வந்தது ஒரு போன் கால், அவ்வளவுதான், இன்னிக்கு ராத்திரி பதறிப்போய் எதையும் அழிக்காதீங்க. உங்க புரோட்டோகால்ல ஆடியோவை எவ்வளவு நாள் வச்சுக்கணும்னு எழுதியிருக்கீங்கன்னு பாருங்க, டைப் பண்ணி சரிபார்த்ததும் அழிக்கலாம்னு இருந்தா அந்த வரிசையில அழிங்க, இல்லன்னா கமிட்டிக்கு எழுதி திருத்தம் வாங்கிட்டு அழிங்க. யாருக்கு எந்த கோட் நம்பர்ங்கிற அந்த ஒரே ஒரு தாளை லேப்டாப்லயும் காலேஜ் கம்ப்யூட்டர்லயும் வைக்காம தனியா பூட்டி வைங்க. வாட்ஸ்அப்ல டைப்பிஸ்ட்டுக்கு அனுப்பின ஃபைல் இருக்கா? இருந்தா அதுதான் முதல் ஓட்டை.

தீசிஸ் எழுதும்போதும் என் மலை அடிவாரத்தை மறந்துடாதீங்க. நாற்பது பேர்ல "54 வயசு, 26 வருஷ சர்வீஸ், மலை கிராமம்"னு ஒரு வரி போட்டா அந்த மாவட்டத்துல டீக்கடைக்காரருக்கு கூட அது யாருன்னு தெரியும். வயசை பத்து வருஷ இடைவெளியில போடுங்க, பிளாக் பேரைத் தூக்குங்க, ஒரே ஒருத்தருக்கு நடந்த விஷயத்தை இன்னும் ரெண்டு பேர் அனுபவத்தோட சேர்த்து எழுத முடியுமான்னு பாருங்க, முடியலன்னா அந்த சிஸ்டர்கிட்டயே எழுதினதை வாசிச்சுக் காமிச்சு "இது வரலாமா"ன்னு கேளுங்க.

கையைப் பிடிச்ச அந்த தன்னார்வலர்

இதுக்குத்தான் நான் அதிக நேரம் யோசிச்சேன். அவங்க வேண்டாம்னு சொன்னதால நீங்க வாயை மூடிக்கிட்டது சரி. வயசு வந்த ஒரு பொண்ணு வேண்டாம்னு சொன்ன பிறகு நீங்களா போய் புகார் கொடுக்கணும்னு எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தல (பாதிக்கப்பட்டது 18 வயசுக்குக் கீழன்னா போக்சோ சட்டப்படி சொல்லியே ஆகணும், அது வேற). ஆனா ரகசியம் காக்கிறதுன்னா அதோட கை கழுவுறதுன்னு அர்த்தம் இல்ல. அவங்க வேண்டாம்னு சொன்னது தன் உரிமை என்னன்னு தெரிஞ்சுக்கிட்டா, தெரியாமலா? உங்க கடிதத்துல நீங்களே "அவங்க பெர்மனென்ட் இல்ல, நடந்தது ஆபீஸ்லயும் இல்ல, அந்த ஆளு டிபார்ட்மென்ட்டும் இல்ல, அதனால பணியிட பாலியல் துன்புறுத்தல் சட்டம் பொருந்தாது"ன்னு எழுதியிருக்கீங்க. மூணுமே தப்பு மா.

2013 சட்டத்துல ஊழியர்ங்கிற வார்த்தைக்குள்ள தினக்கூலி, தற்காலிகம், ஊதியம் வாங்கினாலும் வாங்காட்டியும் தன்னார்வமா வேலை செய்யறவங்க எல்லாரும் வராங்க. பணியிடம்னா வேலை காரணமா போற எந்த இடமும்தான், அந்த வீட்டுத் திண்ணையும் பணியிடம்தான். வேலைக்கு வச்சிருக்கிறவங்க, பணியிடத்துல எதிர்ப்படற வெளியாட்கள்கிட்ட இருந்தும் பாதுகாப்பு கொடுக்கணும்னு 19-வது பிரிவு சொல்லுது, அந்த ஆள் ஊழியரா இல்லாட்டியும் பாதிக்கப்பட்டவங்க விரும்பினா அவன் மேல கிரிமினல் நடவடிக்கை எடுக்க வைக்கிறதும் அவங்க கடமை. இந்தச் சட்டம் எங்க இருந்து பிறந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க. ராஜஸ்தான்ல பட்டேரி கிராமத்துல பன்வாரி தேவி, அரசுத் திட்டத்துல கிராமத்துக்குள்ள வேலை செஞ்ச சாதின், ஒரு குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கப் போனதுக்காக 1992-ல கூட்டு வன்முறைக்கு ஆளானவங்க. அவங்களுக்கு நடந்ததை வச்சுப் போட்ட வழக்குலதான் 1997-ல பணியிட பாலியல் துன்புறுத்தல் பத்தின சுப்ரீம் கோர்ட்டோட விசாகா தீர்ப்பு வந்துச்சு, அதுல இருந்துதான் 2013 சட்டம். ஏசி ரூம் ஆபீஸ் எல்லாம் இன்னிக்கு கமிட்டி போட்டு போர்டு மாட்டியிருக்கே, அது தெருவுல நடந்து வேலை பாத்த ஒரு பொண்ணு கொடுத்தது. அது தெருவுல நடக்கிற நம்ம பெண்களுக்கே இல்லன்னு நினைக்கிறது எனக்கு ரொம்ப வலிக்குது.

ஒண்ணே ஒண்ணு அவசரம். புகார் கொடுக்க 3 மாசம்தான், காரணம் சொன்னா இன்னொரு 3 மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம். ரெண்டு மாசம் ஓடிடுச்சு. அதனால இந்த வாரமே போய்ப் பாருங்க, புதன்கிழமை வேண்டாம், தடுப்பூசி நாள், அவங்களும் சிஸ்டரோட ஓடிக்கிட்டு இருப்பாங்க. வீட்டுக்குப் போகாதீங்க, மாமியார் காதுல விழும். "புகார் கொடுங்க"ன்னு சொல்லாதீங்க. என்னென்ன வழி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க: உள்புகார் குழு, அது இல்லாத இடத்துக்கு மாவட்ட அளவுல உள்ளூர் புகார் குழு, பெண்களுக்கான 181 ஹெல்ப்லைன், வேணும்னா போலீஸ், எதுவுமே வேண்டாம்னா எதுவுமே வேண்டாம். புகார் இல்லாமலேயே செய்யக்கூடியதும் ஒண்ணு இருக்கு, அந்தத் தெருவுக்கு இனிமே ரெண்டு பேரா போகணும்னு பேர் சொல்லாம எல்லா ஏரியாவுக்கும் சேர்த்து ஒரு பொது ஏற்பாடா கேக்கலாம். முடிவு அவங்களோடது. இதைச் சொல்லிட்டா உங்களுக்கும் தூக்கம் வரும்னு நினைக்கிறேன்.

இதெல்லாம் ஒரு டாபிக்கான்னு கேக்குறவங்களுக்கு

உங்க பிரின்சிபாலைக் குறை சொல்ல மாட்டேன், அவங்களுக்கு இன்ஸ்பெக்ஷனும் பப்ளிகேஷன் கணக்கும் தலைக்கு மேல இருக்கும். ஆனா இது யூனியன் வேலை, ஆராய்ச்சி இல்லங்கிறது தப்பு. அமெரிக்காவுல விர்ஜீனியா யூனிவர்சிட்டியில ஜெனீன் ஜேகர்னு ஒருத்தங்க. 1980கள்ல நர்சுங்க கையில ஊசி குத்திக்கிறது பெரிய பிரச்சனையா இருந்துச்சு, எல்லாரும் சொன்னது ஒரே பதில்தான், நர்ஸ் கவனமா இல்ல, மூடியைத் திரும்ப மாட்டாதேன்னு சொன்னா கேக்கல, டிரெயினிங் கொடுங்க. இவங்க ஒரு ஆஸ்பத்திரியில பத்து மாசம் நடந்த முந்நூத்துக்கும் மேற்பட்ட ஊசிக்குத்தை எடுத்து, குத்துப்பட்டது யாருன்னு பாக்காம, குத்தினது எந்தச் சாமான்னு பிரிச்சாங்க. ஐவி டியூப்ல மாட்டுற ஊசி சாதாரண சிரிஞ்சை விட சுமார் 5 மடங்கு அதிகமா குத்தியிருந்துச்சு. யூஸ் பண்ணினப்புறம் கழட்ட வேண்டிய சாமான் எல்லாம் அப்படித்தான், திறந்த ஊசியைக் கையில வச்சுக்கிட்டு கழட்டுறதை விட மூடியை மாட்டிட்டுக் கழட்டுறதே மேல்னு நர்சுங்க நினைச்சதுல அர்த்தம் இருந்துச்சு. 1988-ல அந்தப் பேப்பர் வந்துச்சு, அதே கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே அவங்க வருஷக்கணக்கா நின்னாங்க, 2000 நவம்பர்ல அமெரிக்காவுல ஊசிக்குத்துத் தடுப்புச் சட்டமே வந்துச்சு. பாதுகாப்பான சாமானை நிர்வாகம் தேடி வாங்கணும், எதை வாங்கறதுன்னு தினமும் ஊசி பிடிக்கிறவங்களையே கேக்கணும், குத்து ஒவ்வொண்ணுக்கும் பதிவேடு வைக்கணும்னு அதுல இருக்கு.

இதை இவ்வளவு நீளமா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. உங்க டேட்டாவையும் அப்படித் திருப்பிப் போடுங்க. எந்த சிஸ்டருக்கு என்ன ஆச்சுன்னு இருக்கிறதை எந்த இடத்துல, எந்த நேரத்துல, எதனால ஆச்சுன்னு மாத்துங்க. தெரு விளக்கு இல்லாத ரோடு, கட்டிப்போடாத நாய், ஸ்கூட்டி முன்னாடி கால் வைக்கிற இடத்துல வேக்சின் கேரியரை வச்சுக்கிட்டு ரெண்டு காலும் அந்தரத்துல தொங்க ஓட்டுறது, ஆள் தனியா இருக்கிற வீட்டுக்கு ஒத்தையில போக வைக்கிற டார்கெட், போட்ட ஊசியை வெட்டிப் போடுற ஹப் கட்டர் ரிப்பேர். இப்படி எழுதினா அதிகாரி கேட்ட லிஸ்ட்டையும் நீங்க தாராளமா கொடுக்கலாம், அதுல பேரே இருக்காது, சரி பண்ண வேண்டியது மட்டும்தான் இருக்கும். உங்க கைடையும் பிரின்சிபாலையும் உக்கார வச்சு இதை "ஃபீல்டு ஹெல்த் ஒர்க்கர்களின் பணியிட விபத்து கண்காணிப்பு"ன்னு சொல்லிப் பாருங்க, அதே வேலைதான், காதுல விழுற விதம் மாறும்.

வேலையால வர்ற நோயைப் படிக்கிற இந்தத் துறையே ஒரு மலக்குழிப் பக்கத்துல நின்னு கேட்ட கேள்வியில ஆரம்பிச்சதுதான். இத்தாலியில மொடேனாவுல ரமாசினின்னு ஒரு மருத்துவப் பேராசிரியர், தன் வீட்டு மலக்குழியைச் சுத்தம் பண்ணுறவர் ஏன் இவ்வளவு அவசரமா வேலை செய்யறார்னு பக்கத்துல போய்க் கேட்டார். நாலு மணி நேரத்துக்கு மேல இங்க இருந்தா கண்ணு போயிடும்ங்கிற மாதிரி அவர் பதில் சொன்னார். ரமாசினி அதோட விடல, தொழில் தொழிலா நோயை எழுதி 1700-ல புத்தகமா போட்டார், அதுல பிரசவம் பாக்கிற மருத்துவச்சிக்கும் ஒரு அத்தியாயம் இருக்கு. உங்க அம்மா தொழில் மா. அந்த மலக்குழிக்காரர் கதை நம்ம ஊர்ல இன்னும் முடியவும் இல்ல, சாக்கடையில இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2023 அக்டோபர்ல சொல்ல வேண்டியிருந்துச்சு.

ரிசைன் பண்ணலாமா

பண்ணாதீங்க, இப்போ வேண்டாம். சங்கத்துல வேலை செய்யறவங்க மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு, அவங்க இல்லாம ஒரு ரூபா கூட ஏறினதில்ல. ஆனா அங்க ஏற்கனவே குரல் இருக்கு, இல்லாதது பதிவேடு. ஒரு சிஸ்டருக்கு டிபி வந்தா அது வேலையால வந்ததுன்னு யார் சொல்றது? 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துலயும், இப்போ அந்த இடத்துக்கு வந்திருக்கிற 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புலயும், தொற்று ஆபத்து இருக்கிற சுகாதார வேலையில பிடிக்கிற தொற்றுநோய் தொழில்நோய்ப் பட்டியல்ல இருக்கு. அதை நிரூபிக்க யாராவது எண்ணி எழுதி வச்சிருக்கணும், அதுக்கு காலேஜ் பேர் போட்ட லெட்டர்பேடும், எத்திக்ஸ் அப்ரூவலும், வருஷா வருஷம் ஃபீல்டுக்கு போற ஸ்டூடண்ட்ஸும் வேணும். அது மூணும் இப்போ உங்க கையில இருக்கு. உங்ககிட்ட படிக்கிற பொண்ணுங்கள்ல எத்தனை பேர் நாளைக்கு விஎச்என் ஆகப் போறாங்கன்னும் யோசிச்சுப் பாருங்க. டாபிக்கை மாத்தினாதான் வேலை நிலைக்கும்னு எழுத்துல சொன்னாங்கன்னா அப்போ எனக்கு மறுபடி எழுதுங்க, கைடு மாத்துற வழியைப் பாக்கலாம்.

இப்போ அந்தக் கடைசி வரி. "அம்மா கூட அந்தக் காலத்துல கண்ணாடி சிரிஞ்சை அடுப்புல வேக வச்சு ஊசி போடும்போது எத்தனையோ தடவை குத்திக்கிட்டாங்களாம், ஒண்ணும் ஆகல"ன்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணும் ஆகலன்னு எப்படித் தெரியும்? மஞ்சள் காமாலை பி கிருமி இருக்கிறவங்களுக்குப் போட்ட ஊசி குத்தினா, தடுப்பூசி போடாதவங்களுக்கு 100-க்கு 30 வரைக்கும் தொத்தலாம், சி வகை சுமார் 3. ரெண்டுமே இருபது முப்பது வருஷம் சத்தமே இல்லாம ஈரல்ல உக்காந்திருக்கும். பயமுறுத்தறதுக்காக சொல்லல, உங்க அம்மாவுக்கு இருக்காமலும் இருக்கலாம். ஆனா சி வகைக்கு இப்போ மூணு மாச மாத்திரையில பெரும்பாலும் முழுசா குணம் ஆயிடுது, பி வகையையும் மாத்திரையில அடக்கி வைக்கலாம், 2018-ல இருந்து தேசிய திட்டத்துல அரசு ஆஸ்பத்திரியில டெஸ்டும் மருந்தும் இலவசம். பி-க்கு எச்பிஎஸ்ஏஜி, சி-க்கு ஆன்டி எச்சிவி, ரெண்டே டெஸ்ட். அம்மா "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்"னு தட்டிக் கழிப்பாங்க, ஊர் பூரா ரத்தம் எடுத்தவங்க தனக்குன்னு வந்தா அப்படித்தான் சொல்வாங்க. கூட நீங்களே போய் உக்காருங்க. ரிசல்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்க மா.